முதல் தீர்ப்பு கள நடுவருடையதாகவே இருக்கட்டும்: சர்வதேசக் கால்பந்துச் சங்க வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தனி அறையில் காட்சிப்பதிவைப் பார்த்துக் கள நடுவருக்கு உதவும் காணொளி உதவி நடுவர் (விஏஆர்) முறையை 2018 மார்ச்சில் நீங்கள் ஆட்ட விதிகளில் சேர்த்தபோது மனமார வரவேற்றவர்களில் நானும் ஒருவன். உள்ளூர்ப் போட்டிகளில் பல ஆண்டுகள் விசில் ஊதியவன் என்பதால், தவறாகக் கொடுத்த ஒரு பெனால்டி நடுவரை எத்தனை இரவுகள் தூங்கவிடாது என்பதை அறிவேன். அந்தச் சுமையை இறக்கிவைக்க வந்த விஏஆர், கள நடுவர் தன் கண்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையையே கரைத்து வருகிறது என்பதுதான் என் கவலை.

நடுவர் முதலில் ஒரு முடிவை எடுத்தே ஆக வேண்டும் என்றும், அது தெளிவான, வெளிப்படையான பிழையாக இருந்தால்தான் மாற்றலாம் என்றும் உங்கள் நெறிமுறை சொல்கிறது. 2023 செப்டம்பர் 30 அன்று இங்கிலாந்தின் டாட்டன்ஹாம், லிவர்பூல் அணிகள் மோதிய ஆட்டத்தில் அந்த முதல் முடிவுக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள். லிவர்பூல் வீரர் கர்டிஸ் ஜோன்ஸுக்கு நடுவர் மஞ்சள் அட்டைதான் காட்டியிருந்தார். காட்சியை மறுபடி பார்க்க மைதான ஓரத் திரைக்கு நடுவர் அழைக்கப்பட்டபோது முதலில் கண்ணில் பட்டது, எதிராளியின் காலில் பூட்ஸ் பதிந்த கணத்தில் நிறுத்திவைத்த ஒற்றைப் படம். மஞ்சள் சிவப்பாயிற்று. அந்தச் சிவப்பு அட்டை நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் ஓட்டத்தின் வேகத்தைக் காணும் முன்பே காயத்தைக் காட்டிவிட்டால், பிறகு அவரிடம் தீர்ப்பு கேட்பதில் என்ன பொருள்? சில நிமிடங்கள் கழித்து அதே அணியின் லூயிஸ் டியாஸ் அடித்த கோல் செல்லாது என்று துணை நடுவர் தவறாக ஆஃப்சைடு கொடி உயர்த்த, காணொளி அறையில் இருந்தவரோ களத்தில் கோல் கொடுக்கப்பட்டதாக எண்ணிச் சரிபார்ப்பு முடிந்தது என்று சொல்லிவிட்டார். ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டதால், பிழையை உணர்ந்த பின்னும் அந்தக் கோலை மீட்க விதியில் இடமில்லை. களத்தின் முடிவு என்னவென்று உரக்க ஒருமுறை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

ஆகவே, ஒவ்வொரு சரிபார்ப்பும் கள முடிவைக் கள நடுவரும் காணொளி நடுவரும் வாய்விட்டுச் சொல்வதில் தொடங்க வேண்டும் என்பதை விதியாகவே எழுதுங்கள். மோதலின் கடுமையை இயல்பு வேகத்தில்தான் மதிப்பிட வேண்டும் என்று நெறிமுறையில் ஏற்கெனவே இருக்கிறது. திரையில் வரும் முதல் காட்சியும் இயல்பு வேகத்தில் முழுமையாக ஓட வேண்டும் என்று அதோடு சேருங்கள். மெதுவாக ஓட்டிக் காட்டும்போது நடுவர்கள் கூடுதல் கடுமையான அட்டையை நாடுகிறார்கள் என்று, தேர்ந்த ஐரோப்பிய நடுவர்களை வைத்து நடத்தி 2018இல் வெளியான ஆய்வும் காட்டியது.

திரைக்கு அழைத்தாலே முடிவு மாறப்போகிறது என்று இன்று அரங்கமே எண்ணுகிறது. அழைக்கப்படுபவரும் அப்படி எண்ணத் தொடங்கினால் அந்த நடை வெறும் சடங்காகிவிடும். பிழை நேர்ந்தபோது நடுவர்கள் பேசிக்கொண்டதன் ஒலிப்பதிவை வெளியிடுவது நல்ல வழக்கம். திரையைப் பார்த்த பிறகும் தன் முடிவிலேயே உறுதியாக நின்ற நடுவர்களின் ஒலிப்பதிவுகளையும் வெளியிட்டு, அவற்றைப் பயிற்சிப் பாடமாக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் உள்ளூர் நடுவர் ஒருவர்