பாறசாலையில் இங்க்ஸ்கேப், இங்கே பேஜ்மேக்கர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தமிழக-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் டி.டி.பி. கடை (கணினியில் தட்டச்சு செய்து, பக்கம் அமைத்து அச்செடுத்துக் கொடுக்கும் கடை) வைத்திருக்கிறேன். பள்ளி திறந்துவிட்டால் புராஜெக்ட் பிரிண்ட் எடுக்க இரண்டு மாநிலத்துப் பிள்ளைகளும் வருவார்கள். பெண்டிரைவைச் செருகியதுமே யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். எல்லைக்கு அந்தப் புறம், கேரளத்துப் பாறசாலைப் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளையின் ஃபைல் பெரும்பாலும், வேர்டுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லிபர் ஆபீஸில் அடித்த ஓ.டி.டி. ஃபைல். நம் பக்கத்துப் பிள்ளையுடையது வேர்டு ஃபைல். கூடவே ஷார்ட்கட் வைரஸ் ஒன்றும் இலவசமாக வரும்.

லிபர் ஆபீஸ் போல யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்று விட்டிருக்கும் கட்டற்ற மென்பொருளுக்கு ஆதரவாக எழுதுகிறவர்கள் எடுத்த எடுப்பில் 'காசு மிச்சம்' என்பார்கள். எங்கள் ஊரில் அந்தப் பேச்சு எடுபடாது. இங்கே விண்டோஸுக்கு யார் காசு கொடுத்தார்கள்? சில நூறு ரூபாய்க்கு விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப் மூன்றையும் கிராக் போட்டு ஏற்றித் தர ஆள் இருக்கிறது. விண்டோஸுக்குப் பதிலாக வைக்கக்கூடிய கட்டற்ற இயங்குதளமான லினக்ஸுக்கு நிஜமான போட்டி இந்தத் திருட்டுக் காப்பிதான். அதை வளர்த்துவிடுவதில் நம் பாடப்புத்தகத்துக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் புத்தகம் ஓப்பன் ஆபீஸ் என்ற கட்டற்ற மென்பொருளைக் கற்றுத் தருகிறது. நல்ல விஷயம். அடுத்த வருடம் அதே பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனால், 2019இல் வந்த புத்தகத்தில், பக்கம் அமைக்கும் மென்பொருளான அடோபி பேஜ்மேக்கர் பாடம்! அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். இந்தப் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே நின்றுபோன சாதனம். கடைக்கு வந்து, "அண்ணா, லேப்டாப்புல பேஜ்மேக்கர் ஏத்தித் தருவியளா?" என்று கேட்கிறார்கள். முறையாக எங்கே போய் வாங்குவது? திருட்டுக் காப்பியைத் தவிர வேறு வழி கிடையாது.

என் தொழிலில் அதன் இன்னொரு கோளாறையும் தினமும் பார்க்கிறேன். எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரிய வைக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு பேஜ்மேக்கருக்குத் தெரியாது. தமிழில் அடிக்க வேண்டுமானால் பழைய காலத்து ஃபான்ட் ஒன்றைப் போட வேண்டும். அப்படி அடித்த திருமண அழைப்பிதழையோ சர்ச் அறிவிப்பையோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் ஃபைலைத் திறந்தாலும் அதே கதிதான். பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. அதன் பழைய பதிப்பில் 'கொ' என்று அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், எனக்கே எரிச்சலாக வரும். இப்போது அதைச் சரிசெய்துவிட்டார்கள். 2024இல் வந்த 1.6 பதிப்பில் யூனிகோடு தமிழ் ஒழுங்காக உட்காருகிறது. பிள்ளைகள் வீட்டில் இறக்கிப் பழகலாம், யாருக்கும் பயப்பட வேண்டாம்.

பாறசாலைப் பக்கம் என்ன நடந்தது? கேரள அரசின் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் 2001இல் தொடங்கியது. அதுதான் 2017இல் 'கைட்' என்ற நிறுவனமானது. பள்ளிகளுக்கென்றே லினக்ஸைத் தயார்செய்து கொடுக்கிறார்கள். 2019இல் உபுண்டு 18.04 என்ற லினக்ஸை வைத்துச் செய்த பதிப்பு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கென வந்தது. 2023இல் அடுத்த பதிப்பும் வந்தது. பத்தாம் வகுப்பிலேயே இங்க்ஸ்கேப்பில் படம் வரைகிறார்கள், க்யூஜிஐஎஸ்ஸில் வரைபடம் போடுகிறார்கள். "வேலைக்குப் போனால் அங்கே வேர்டுதானே?" என்று பெற்றோர் கேட்பது வழக்கம். என் கடையில் வேலைக்குச் சேர்ந்த பெண் அந்தப் பக்கத்துப் பள்ளியில் லிபர் ஆபீஸ் மட்டுமே படித்தவள். வந்த வாரமே வேர்டில் மெயில் மெர்ஜ் போட்டுக் கவர் முகவரிகளை அடித்துக் கொடுத்தாள்.

நாமும் முயற்சி செய்யாமல் இல்லை. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. ஆனால் பள்ளியில் அதைச் சொல்லித்தர யார் இருந்தார்கள்? கடைக்கு வந்த பிள்ளைகள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: அந்த இன்னொன்றை அழித்துவிட்டு, படம் வைக்க இடம் பண்ணிக் கொடுங்கள்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினிகள் பலவற்றைத் தகுதியில்லை என்று தள்ளிவிடுகிறது. 4 ஜி.பி. ரேம் உள்ள அப்படிப்பட்ட கணினிகளில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கிறேன், தமிழ்99 விசைப்பலகையோடு. தையல் கடை, டியூஷன் சென்டர் என்று ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். கைரேகைக் கருவிக்காகவும், விண்டோஸில் மட்டும் திறக்கும் சில அரசுப் படிவங்களுக்காகவும் கடையில் ஒரு கணினியை விண்டோஸிலேயே வைத்திருக்கிறேன். கட்டற்ற மென்பொருளுக்கே முன்னுரிமை என்று மத்திய அரசு 2015இல் கொள்கை அறிவித்த பிறகும் இந்த நிலை.

படிவங்களை மாற்றுவது பெரிய வேலை, தெரியும். பாடப்புத்தகம் அப்படி இல்லை. அடுத்த திருத்தத்தில் பேஜ்மேக்கரை எடுத்துவிட்டு ஸ்கிரைபஸை வைக்கலாம், அதைச் சொல்லித்தர ஆசிரியர்களுக்கு விடுமுறையில் பயிற்சியும் கொடுக்கலாம். தமிழில் செய்முறைக் குறிப்பு எழுத ஆள் வேண்டுமென்றால் என்னைப் போன்ற டி.டி.பி. கடைக்காரர்களைக் கூப்பிடுங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
டி.டி.பி. கடை நடத்தும் வாசகர்,
களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டம்.