நாசோ கவுண்டியில் ஒரு வீட்டுக்கு எத்தனை குடித்தனம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் புறநகர் வாழ்க்கை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புறநகர் என்றாலே அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், முன்னால் புல்வெளி, பின்னால் கார் கொட்டகை என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். நியூயார்க் நகரத்தை அடுத்து, லாங் ஐலண்டில் இருக்கும் நாசோ கவுண்டியில் நான் குடியிருக்கிறேன் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி). அவர் வரைந்த படம் இங்கே ஒரு இருபது வருஷம் உண்மையாக இருந்தது. அந்த இருபது வருஷத்துக்காகப் போட்ட சட்டங்கள்தான் இன்னும் எங்களை ஆள்கின்றன. அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீள்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தலைக்கணக்கு. 1898இல் நியூயார்க் மாநகரம் விரிவடைந்து, பக்கத்திலிருந்த குவீன்ஸ் கவுண்டியின் மேற்குப் பகுதியை விழுங்கியது. அதில் சேராமல் ஒதுங்கி நின்ற கிழக்குப் பகுதிதான் 1899இல் நாசோ கவுண்டி ஆனது. அப்போது பெரும்பாலும் வயலும் பணக்காரர்களின் தோட்ட மாளிகைகளும். 1940இல் இங்கே 4,06,748 பேர். 1960இல் 13,00,171. இருபதே ஆண்டில் மூன்று மடங்கு! 1970இல் 14.28 லட்சம். அதோடு நின்றது. பிறகு இறங்கி, 1990இல் 12.87 லட்சம் ஆகி, மெல்ல ஏறி 2020இல் 13,95,774க்கு வந்திருக்கிறது. ஐம்பது வருஷம் கழித்தும் பழைய உச்சத்தை எட்டவில்லை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். ஏனென்றால் இங்கே எந்த ஊர்க் கூட்டத்துக்குப் போனாலும் “ஜனம் பெருத்துவிட்டது, இனி தாங்காது” என்றுதான் பேச்சு.

இன்னும் கிட்டே போய்ப் பார்க்க வேண்டுமானால் நாசோவில் இருக்கும் லெவிட்டவுன் என்ற ஊரைப் பார்க்கலாம். போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காக உருளைக்கிழங்கு வயல்களில் 1947 முதல் 1951 வரை 17,447 வீடுகளை வரிசையாகக் கட்டினார்கள். முதலில் வந்தவை 750 சதுர அடி, இரண்டு படுக்கையறை. மேலே பரண் பூசாமல் விடப்பட்டிருக்கும். குடும்பம் பெருகும்போது அவரவர் அறையாக்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்கக் கூடாது என்று குத்தகைப் பத்திரத்திலேயே ஒரு ஷரத்தும் இருந்தது. கட்டுரையாளர் புகழும் அந்த அழகான தெருக்களின் தொடக்கம் இதுதான் என்பதை அவர் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.

அந்த லெவிட்டவுனில் 1960இல் 65,276 பேர் வாழ்ந்தார்கள். 2020இல் 51,758. அதே தெருக்கள், அதே மனைகள். வீடுகளோ மாடி எடுத்து, பக்கவாட்டில் இழுத்து, பல இடங்களில் இரண்டு மடங்காகிவிட்டன. ஆக வீடு பெருத்தது, ஆள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அன்று அத்தனை பேரையும் தாங்கிய ஊர் இன்று தாங்காது என்றால், தலைகளின் எண்ணிக்கை அதற்குக் காரணமாக இருக்க முடியாது. யாருடைய தலை, அவர் வீட்டுக்காரருக்கு என்ன உறவு என்பதில்தான் சிக்கல்.

2000 கணக்கெடுப்பில் நாசோவில் 4,47,387 குடித்தனங்கள். 2010இல் 4,48,528. பத்து வருஷத்தில் ஆயிரத்துச் சொச்சம்தான் கூடியது. ஒரு குடித்தனத்துக்குச் சராசரி 2.93 பேர், பிறகு 2.94 பேர். நாட்டின் சராசரியோ அப்போது 2.6ஐக்கூடத் தொடவில்லை. ஊரின் நடுவயது அதே பத்தாண்டில் 38.5இலிருந்து 41.1 ஆனது. வயதாகிக்கொண்டு போகும் ஊரில் குடித்தனங்கள் சுருங்குவதுதான் வழக்கம். இங்கே சுருங்கவில்லை. அடுத்த பத்தாண்டில், 2020க்குள், ஐம்பத்தாறாயிரம் பேர் கூடியும்விட்டார்கள். ரயில் நிலையங்களை ஒட்டிச் சில அடுக்குமாடிகள் எழும்பியது உண்மை. மற்றவர்கள் ஏற்கெனவே இருந்த கூரைகளுக்கு அடியில்தான் இடம் பிடித்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

சராசரியை வைத்து ஒன்றும் புரிந்துகொள்ள முடியாது. எங்கள் ஹிக்ஸ்வில்லில் நாலு படுக்கையறை வீட்டில் ஒரு மூதாட்டி தனியாக இருப்பார். கணவர் காலமாகி, பிள்ளைகள் ஃபுளோரிடாவுக்கோ கரோலினாவுக்கோ போயிருப்பார்கள். அடுத்த வீட்டில் பாட்டி, தாத்தா, மகன், மருமகள், மூன்று பேரப்பிள்ளைகள். கீழே பேஸ்மென்டில், அதாவது தரைக்குக் கீழுள்ள தளத்தில், வாடகைக்கு ஓர் இளம் தம்பதி. இரண்டையும் கூட்டி வகுத்தால் ஒரு நடுத்தர எண் வரும்; அந்த எண்ணில் யாருமே வாழவில்லை.

பிற மக்கள் வந்ததும் இதில் சேர்த்தி. 2000இல் ஆசிய வம்சாவளியினர் இந்தக் கவுண்டியில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. 2020இல் கிட்டத்தட்ட பன்னிரண்டு. ஸ்பானிய மொழி வழியினர் பத்திலிருந்து பதினெட்டுக்கு வந்திருக்கிறார்கள். ஹிக்ஸ்வில் பிராட்வேயில் நடந்தால் புடவைக் கடை, மளிகைக் கடை, மிட்டாய்க் கடை என்று வரிசையாக இருக்கும். பெற்றோரைக் கூட வைத்துக்கொள்வது எங்களைப் போன்றவர்களின் வழக்கம் என்று அக்கம்பக்கத்து அமெரிக்கர்கள் நினைக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் முப்பது வயது மகன் தன் பழைய அறையில்தான் இருக்கிறான் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இந்த ஊர் வாடகையில் அவன் வேறெங்கே போவான்?

ஒரு விஷயம் நம் ஊர் வாசகர்களுக்குச் சுவாரசியமாக இருக்கும். இந்தியக் கணக்கெடுப்பில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடித்தனம். ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இருந்தாலும் உலை தனி என்றால் கணக்கும் தனி. இங்கே அடுப்பைக் கேட்பதில்லை. தனி வாசல் உள்ள தனிக் குடியிருப்பா என்று பார்க்கிறார்கள். அனுமதி இல்லாத பேஸ்மென்ட் குடியிருப்புக்குக் கதவு எண்ணே கிடையாது. கணக்கெடுப்புப் படிவம் மேல் வீட்டுக்கு வரும். கீழே இருப்பவர்களை எழுதினால் டவுன் எனப்படும் உள்ளாட்சியின் ஆட்கள் தேடி வருவார்கள் என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார். கணக்கெடுப்புத் தகவலை வேறெந்த அலுவலகத்துக்கும் தரக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நான் வரிக் கணக்கு எழுதுகிறவள். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டுவார்கள்; நம்ப மாட்டார்கள். மகளின் பிரசவத்துக்கு ஆறு மாத விசாவில் வந்திருக்கும் அம்மாவோ எந்தக் கணக்கிலும் இல்லை. சுற்றுலா விசாவில் வந்தவரை எண்ணுவதில்லை என்பது விதி. ஆனால் அந்த வீட்டு அடுக்களை இப்போது அவர் கையில்தான்.

இனி சட்டம். பக்கத்து சஃபோக் கவுண்டியில் பெல் டெர் என்றொரு சின்னக் கிராமம். உறவில்லாதவர்கள் இரண்டு பேருக்கு மேல் ஒரே வீட்டில் குடியிருக்கக் கூடாது என்று அது போட்ட விதியை 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சரி என்று சொன்னது. 1977இல் ஒஹாயோவின் ஈஸ்ட் கிளீவ்லாந்து நகரம், ஒரு பாட்டி தன் இரண்டு பேரன்களோடு இருப்பது குற்றம் என்றது. பேரன்கள் இருவரும் சகோதரர்கள் இல்லையாம், பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளாம்! அந்த விதியை அதே நீதிமன்றம் தள்ளியது. எங்கள் நாசோவிலேயே ஆய்ஸ்டர் பே டவுன், உறவில்லாத இருவர் ஒன்றாகக் குடியிருக்க வேண்டுமானால் இருவருக்கும் 62 வயது ஆகியிருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தது. 1985இல் நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் அது செல்லாது என்றது.

வழக்கில் தோற்றாலும் அந்த எண்ணம் போகவில்லை. இன்றும் இங்குள்ள டவுன்களில் ‘மதர்-டாட்டர்’ வீடு என்று ஓர் அனுமதி உண்டு. வயதான அம்மாவுக்கோ மகளுக்கோ கீழே இரண்டாவது சமையலறை வைத்துக்கொள்ளலாம். நெருங்கிய உறவாக இருக்க வேண்டும், வெளியாளுக்கு வாடகைக்கு விடக் கூடாது. அதாவது அந்தச் சமையலறை அங்கே இருப்பதில் ஊருக்குக் கஷ்டமில்லை. அதில் சமைப்பவர் அம்மாவாக இருக்கும்வரை சரி. அம்மா போன பிறகு நர்ஸ் வேலை பார்க்கும் பெண்ணுக்கு அதை விட்டால் குற்றம்.

இதை மாற்ற முயற்சி நடக்காமல் இல்லை. 2022இல் ஆளுநர் கேத்தி ஹோக்கல், வீட்டோடு சேர்ந்த துணைக் குடியிருப்புகளை ஊர்கள் அனுமதிக்க வேண்டும் என்று ஒரு யோசனை வைத்தார். லாங் ஐலண்ட் கொதித்தது. பிப்ரவரியிலேயே திரும்பப் பெற்றார். 2023இல் இன்னும் பெரிதாக, பத்தாண்டில் எட்டு லட்சம் வீடுகள், ரயில் நிலையங்களைச் சுற்றி அடர்த்தி என்று வந்தார். அதுவும் சட்டமன்றத்தில் எடுபடவில்லை. எதிர்ப்பின் அடிநாதம் பள்ளிக்கூடம். இந்தச் சின்னக் கவுண்டியில் 56 பள்ளி மாவட்டங்கள், அதாவது பள்ளிகளை நடத்தும் தனித்தனி வட்டாரங்கள். ஒவ்வொன்றும் பெரும்பாலும் சொத்து வரியில் ஓடுகிறது. வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலர் வரி கட்டுவது இங்கே சாதாரணம். பேஸ்மென்டில் ஒரு குடும்பம் வந்தால் இரண்டு பிள்ளைகள் வரும், செலவு நம் தலையில் என்று கணக்குப் போடுகிறார்கள்.

அவர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1960இல் கூடுதலாக இருந்தவர்கள் சிறுபிள்ளைகள். சைக்கிளைத் தோட்டத்தில் போட்டார்கள். இன்று கூடுதலாக இருப்பவர்கள் பெரியவர்கள்; ஆளுக்கொரு கார். எங்கள் தெருவில் இரவு பத்துக்கு மேல் கார் நிறுத்த இடம் தேடிப் பாருங்கள், தெரியும். தண்ணீரும் முழுக்க நிலத்தடியிலிருந்துதான். வேறு ஊற்று கிடையாது. எல்லாவற்றுக்கும் மேல் உயிர். 2021 செப்டம்பரில் ஐடா புயல் மழையில் நியூயார்க் நகரத்தில் பதினொரு பேர் பேஸ்மென்ட் வீடுகளில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலும் எங்கள் எல்லையை அடுத்த குவீன்ஸில். ஒளிந்து வாழ்கிற வீட்டில் இரண்டாவது வாசல் இருக்கிறதா என்று யார் போய்ப் பார்ப்பது?

என் கோரிக்கை அங்கிருந்துதான் வருகிறது. துணைக் குடியிருப்புக்கு உறவு என்ற நிபந்தனையை எடுத்துவிடட்டும். பதிலாக, வெளியே தப்பிக்க இரண்டு வழி, புகை எச்சரிக்கைக் கருவி, மனைக்குள்ளேயே ஒரு கார் நிறுத்த இடம், வருஷத்துக்கு ஒருமுறை சோதனை என்று நிபந்தனை வைக்கட்டும். பதிவு செய்தவரிடம் அதற்கேற்ற வரியும் வாங்கட்டும். பள்ளிக்கூடத்துக்கும் பணம் வரும். தனியாக இருக்கும் மூதாட்டிகளில் பலர் அந்த வாடகையில் வரியைக் கட்டிக்கொண்டு தம் வீட்டிலேயே இருக்க முடியும். உங்கள் கட்டுரையாளர் இந்தப் பக்கம் மறுபடி எழுதுவதாக இருந்தால், புல்வெளியோடு நிற்காமல் எந்த மனையில் என்ன கட்டலாம் என்ற மண்டல விதி பற்றி டவுன் ஹாலில் நடக்கும் ஒரு விசாரணைக்குப் போய் உட்காரச் சொல்லுங்கள். பொதுமக்கள் யாரும் போகலாம். அனுமதிச் சீட்டு வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹிக்ஸ்வில், நாசோ கவுண்டி, நியூயார்க்.