ராத்திரி இரண்டு மணிக்குச் சொதி கேட்ட பிள்ளை

நெல்லை டவுன் மக்களுக்கும், வெளியூரில் இருக்கிற நம்ம சொந்தபந்தங்களுக்கும் வணக்கம்.

என் தங்கச்சி மகளுக்கு அப்போது நாலு வயசு. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, கால் வலிக்கிறது என்று ராத்திரியெல்லாம் அழுதாள், வளர்கிற பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்று ஆச்சி நல்லெண்ணெய் தேய்த்துவிட்டார்கள், எங்கேயும் இடிக்காமலே தொடையில் நீலம் பாரித்த அன்றைக்குத்தான் எங்களுக்குப் பயம் பிடித்தது. (இப்படி எந்தப் பிள்ளைக்கு இருந்தாலும் தள்ளிப்போடாமல் ரத்தம் பார்த்துவிடுங்கள்.) திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரியில் எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்து ரத்தப் புற்றுநோய் என்றார்கள். குணமாக்கலாம், ஆனால் இரண்டு மூன்று வருஷம் விடாமல் வைத்தியம் பார்க்கணும் என்றும் சொன்னார்கள்.

ஆரம்ப மாதங்களில் ஊருக்கு வந்துபோக வழியில்லை. வெள்ளை அணு இறங்கிக் கிடக்கிற நேரத்தில் லேசாகக் காய்ச்சல் அடித்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடணும். அதனால் பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் தங்கினார்கள். அங்கேதான் பெரும்பாடு. ஸ்டீராய்டு மாத்திரை அகோரப் பசியைக் கிளப்பிவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, 'சொதி வேணும், சோறு வேணும்' என்று கேட்பாள். கடைச் சாப்பாடு கூடாது, ஆக்கின சூட்டோடு கொடுக்கணும், ஆனால் லாட்ஜில் அடுப்புப் பற்றவைக்க விடமாட்டார்கள். முடியெல்லாம் கொட்டின அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டு, 'விடியட்டும்டி தாயி' என்று சொல்லிச் சொல்லியே என் தங்கச்சி எத்தனை ராத்திரி உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நம்ம பேச்சு காதில் விழுந்து திரும்பிப் பார்த்தால் அம்பாசமுத்திரம், கடையம், நாங்குநேரி, வள்ளியூர் என்று எல்லாப் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். பீடி சுற்றுகிறவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள். வைத்தியச் செலவுக்கு எப்படியோ உதவி கிடைத்துவிடுகிறது, தங்கவும் பொங்கவும் ஆகிற செலவில்தான் தாலிக்கொடி வரைக்கும் அடகுக்குப் போகிறது.

அதனால் நாங்கள் பதினோரு பேர் கமிட்டியாகச் சேர்ந்து ஒரு வீடு பார்த்திருக்கிறோம். ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம், மூன்று அறை, பொதுவாக ஒரு பெரிய சமையலறை. அட்வான்ஸ் 1 லட்சம், மாத வாடகை 18,000. நம்ம மாவட்டத்துப் பிள்ளைகளின் குடும்பம் யாரானாலும், சாதி மதம் பார்க்காமல், வாடகை இல்லாமல் தங்கலாம். இதுவரை 64,000 சேர்ந்திருக்கிறது. 100 ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு, வரவுசெலவை மாதாமாதம் கோயில் வாசல் போர்டில் எழுதிப்போடுவோம். பணம் தர முடியாதவர்கள் ரத்தம் தரலாம். ரத்தத்தை உறையவைக்கிற பிளேட்லெட் அணுவை ஐந்து நாளைக்கு மேல் எடுத்துவைக்க முடியாது என்பதால் எந்நேரமும் ஆள் தேவைப்படுகிறது, திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிற நம்ம பையன்கள் பெயர் கொடுத்தால் பெரிய உபகாரம்.

பிள்ளை இப்போது இரண்டாம் வகுப்பு. வைத்தியம் முடிந்துவிட்டது, செக்கப்புக்கு மட்டும் போய்வருகிறாள். கூட்டத்துக்குள் விடக்கூடாது என்று இரண்டு ஆனித் தேருக்கு வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தோம். இந்த வருஷம் அவள் அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போய் வடத்தைத் தொடவைத்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக வருவோம். பாத்திரமாகத் தர நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: கேஸ் அடுப்பும் குக்கரும் வந்துவிட்டன. சொதிக்குத் தேங்காய்ப் பால் எடுக்கணுமே, துருவியும் மிக்ஸியும் இன்னும் வரவில்லை.