வானொலிச் செய்தியில் மறுதரப்பு எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பார்வை மங்கிவிட்ட என் தாயாருக்கு, அடுப்படி அலமாரியில் இருக்கும் பழைய டிரான்சிஸ்டர்தான் செய்தித்தாள். தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லாத நாட்டில், வானொலியை நம்பியிருப்பவர்களுக்கு ஆகாசவாணியை விட்டால் வேறு வழியில்லை. அதனால்தான் அதன் நடுநிலை எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஆகாசவாணியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதி அமைப்புக்கான சட்டம் 1990-இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வரவே 1997 ஆயிற்று. மாறுபட்ட கருத்துகளையும் சேர்த்துச் சமநிலையோடு தகவல் தர வேண்டும், தனக்கென ஒரு சித்தாந்தத்தை முன்வைக்கக் கூடாது என்று அது தெளிவாகவே சொல்கிறது. ஆனால் நடந்தது என்ன? 2017 சுதந்திர தினத்துக்காகத் திரிபுராவின் அப்போதைய முதல்வர் மாணிக் சர்க்காரின் உரையைப் பதிவு செய்துவிட்டு, மாற்றித் தந்தால்தான் ஒலிபரப்ப முடியும் என்று ஆகாசவாணியினர் கடிதம் அனுப்பினார்கள். அவர் மறுத்தார், உரை வெளிவரவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த முதல்வருக்கே இந்தக் கதி! நெருக்கடி நிலையின்போது காங்கிரஸ் அரசும் வானொலியைத் தன் ஊதுகுழலாகத்தான் வைத்திருந்தது. அதுவும் தவறு, இதுவும் தவறு.

அமைச்சரின் அறிவிப்பைப் படிக்கும் அதே செய்தியறிக்கையில், எதிர்க்கட்சியின் பதிலையும் இரண்டு வரி படியுங்கள். எங்கள் வரிப்பணத்தில் நடக்கும் நிலையம் இது.

– ஒரு வாசகர், திருவாரூர்