கப்பலில் வந்தவர் குடிமகள், படகில் வந்தவர் அகதியா?

குடியுரிமை மனுக்களைப் பரிசீலிக்கும் மத்திய, மாநில அரசு அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். அண்மையில், எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி மலையிலிருந்து இறங்கி வந்து குடியுரிமை மனுவை நீட்டியபோது, பெயர் சொல்ல விரும்பாத ஓர் அலுவலகத்தில் அவரிடம், "உங்கள் அப்பா பிறந்த சான்றிதழ் எங்கே?" என்று கேட்டார்கள். தீயில் போய்விட்டது என்று அவர் சொன்னதும், "அப்படியானால் சிலோனிலிருந்து வாங்கி வாருங்கள், பார்க்கலாம்" என்று மனு திருப்பித் தரப்பட்டது. அந்தப் பெண்மணி என் சித்தி. இலங்கைக்குப் போய்வரக் கடவுச்சீட்டு வேண்டும், கடவுச்சீட்டுக்குக் குடியுரிமை வேண்டும், குடியுரிமைக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதை மனுவைத் திருப்பித் தந்தவர் அறியாதவராக இருக்க முடியாது.

சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1964 அக்டோபர் 30 அன்று, இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரைத் தேயிலைப் பெட்டிகளைப் போல எண்ணி, 5,25,000 பேர் இங்கே, 3,00,000 பேர் அங்கே என்று இரு அரசுகளும் பிரித்துக்கொண்டன. மீதி 1,50,000 பேரை 1974-இல் பாதிப்பாதியாகப் பங்கிட்டன. எண்ணப்பட்டவர்களில் ஒருவரைக்கூட யாரும் கலந்து பேசவில்லை. என் அம்மாவும் சித்தியும் இலங்கையின் தேயிலை மலைநாடான மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரே லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு), ஒரே அறையில் பிறந்து வளர்ந்தவர்கள். இருவருமே இந்தியாவுக்கென்று எழுதப்பட்டவர்கள். அம்மா எழுபதுகளின் நடுவில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாம் வழியாகக் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். அவருடைய கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் (ரேஷன் அட்டையைச் சொல்லவில்லை, தாயகம் திரும்பியோருக்குத் தந்த அட்டையைச் சொல்கிறேன்) இன்றும் எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கின்றன.

சித்தி திருமணமாகி அங்கேயே தங்கினார். 1977 கலவரத்தில் லயம் தாக்கப்பட்டதால், மலையகத்திலிருந்து வடக்கே போன பல குடும்பங்களோடு சேர்ந்து வவுனியாவில் காடு வெட்டிக் குடியேறினார். அங்கிருந்தபடியே இந்தியக் கடவுச்சீட்டும் கைக்கு வந்தது, கப்பலுக்குத்தான் காத்திருந்தார். 1983 ஜூலைக் கலவரம் வந்தது. 1984-இல் தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பல் நின்றது. அதற்குப் பின் ஒரு நாள் வீடு எரிந்தபோது, தகரப் பெட்டியோடு அந்தக் கடவுச்சீட்டும் எரிந்தது. 1990-இல் மீண்டும் போர் மூண்டபோது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படகேறி இராமேஸ்வரத்துக்கு வந்தவரைப் பதிவு செய்த அலுவலர், நாடு என்ற கட்டத்தில் 'இலங்கை' என்று எழுதினார். அந்த ஒரு கட்டத்தை நிரப்பியவர் அன்று நூற்றுக்கணக்கானோரைப் பதிந்திருப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எழுத்துதான் இன்றுவரை என் சித்தியை ஆள்கிறது. அக்காள் தேர்தல்தோறும் விரலில் மை வைத்துக்கொண்டு வருகிறார். தங்கை, அக்காள் வீட்டில் வந்து தங்குவதற்கே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்தக் காலத்து விண்ணப்பங்களை வாங்கியதும், விசாரித்ததும், கடவுச்சீட்டு கொடுத்ததும் இலங்கையில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகங்கள். ஆகவே, எரிந்துபோன தாளை எங்களிடம் கேட்காமல், உங்கள் பதிவேடுகளை நீங்களே தேடிப் பாருங்கள். பதிவேடு கிடைக்காத இடத்தில், உடன்பிறந்தாரின் கடவுச்சீட்டையும் குடும்ப அட்டையையும் போதிய சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

போர் என்றால் குண்டும் ஷெல்லும் என்றுதான் எல்லோருக்கும் நினைவு வருகிறது. இலங்கைப் போருக்கு 1956-இன் தனிச்சிங்களச் சட்டத்தைச் சொல்வார்கள், தமிழ் மாணவர் கூடுதல் மதிப்பெண் எடுத்தால்தான் இடம் என்ற பல்கலைக்கழகத் தரப்படுத்தலைச் சொல்வார்கள், 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைச் சொல்வார்கள். எல்லாம் உண்மை. ஆனால் மலையகத்தாரான எங்களைக் கேட்டால், அந்தப் போரின் முதல் வேலை ஓர் அலுவலக மேசையில்தான் தொடங்கியது என்போம். சுதந்திரம் கிடைத்த அதே 1948-இல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்று கேட்டது. பிறப்பைப் பதியும் வழக்கமே ஒழுங்காக இல்லாத காலத்தில், லயத்தில் பிறந்த கூலியின் மகன் பூட்டனின் தாளுக்கு எங்கே போவான்? 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் 7 இடங்களில் வென்றிருந்தது. வாக்குரிமை பறிபோன பிறகு, 1952-இல் ஓரிடம்கூட இல்லை. அந்தச் சட்டத்தை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்த செல்வநாயகம் 1949-இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். எங்கள் வாக்குகள் போனதால் நாடாளுமன்றத்தில் தமிழரின் எண்ணிக்கை குறைந்தது. பிறகு வந்த சட்டங்களைத் தடுக்க அவர்களால் முடியவில்லை. கட்டக் கடைசியாக 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்கால். இடையில் நடந்ததை எல்லாம் ஒரே காரணத்தில் கட்டிவிட முடியாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும், அன்று கொழும்பில் கேட்கப்பட்ட "அப்பனின் தாள் எங்கே?" என்ற கேள்வியை இன்று நம் அலுவலகத்திலேயே என் சித்தி எதிர்கொள்ள நேர்ந்தது எனக்குத் தாங்கவில்லை.

அதே வாரம் ஆதாரைப் புதுப்பிக்க அவரை அழைத்துப் போனோம். கைரேகைக் கருவி அவருடைய விரலை ஏற்கவில்லை. கொழுந்து பறித்தே ரேகை தேய்ந்த விரல்கள். நுனியில் பித்தவெடிப்பு போல் கீறல், அதில் கழுவினாலும் போகாத தேயிலைக் கறை. ஈரத் துணியால் துடைத்து வைத்தார், அழுத்தி வைத்தார், விரலை மாற்றி வைத்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கியதும், ஏதோ தப்புச் செய்தவரைப் போலக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். 1990-க்குப் பிறகு, முகாமில் வாழ்ந்த காலத்தை விட்டால், அந்த விரல்கள் பறித்தது முழுக்க இந்த மலையின் கொழுந்துதான்.

எங்கள் மாவட்டம் எதிலும் பின்தங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 மே மாதம் முதல் உதகைக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்கு இ-பாஸ் உண்டு. செல்போனில் நாலு விவரம் தட்டினால் அனுமதி வந்துவிடுகிறது. மலையைப் பார்க்க வருகிறவருக்கு அப்பா பிறந்த சான்றிதழ் வேண்டாம், மலையில் உழைத்தவருக்குத்தான் வேண்டும் போலும். கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருள்க.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நன்றிகெட்ட பேச்சாகும். 2021-இல் தமிழக அரசு அகதி முகாம்களை 'மறுவாழ்வு முகாம்' என்று அழைக்கச் சொன்னது. புதிய வீடுகள் கட்டித் தந்தது. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்றி இருப்பதற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு 2025-இல் விலக்கு அளித்தது. மனமார்ந்த நன்றி. ஆனால் சிறைக்கு அனுப்ப மாட்டோம் என்பதும், நீ இந்த நாட்டவள் என்பதும் ஒன்றாகிவிடாது. 2003-இன் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, உரிய ஆவணமின்றி வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. பதிவு மூலம் குடியுரிமை கேட்கவே அவருக்கு வழியில்லை. கப்பலை நிறுத்தியது போர். படகில் வந்த குற்றம் மட்டும் என் சித்தியுடையதா? மலையக வம்சாவளியினரான முகாம்வாசிகள் தொடுத்த வழக்கில், அவர்களுடைய மனுக்களைப் பரிசீலிக்குமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019-இலேயே உத்தரவிட்டிருப்பதை நீங்கள் அறிவீர்கள்.

ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். 1964, 1974 ஒப்பந்தங்களின்படி இந்தியாவுக்கு உரியவர்களாக எழுதப்பட்டு, போரினால் கப்பலைத் தவறவிட்டவர்களைத் தனி வகையாகப் பிரித்தெடுங்கள். அவர்களுடைய பெயர்களைப் பழைய பதிவேடுகளில் தேடும் பொறுப்பை அரசே ஏற்கட்டும். கிடைக்காவிட்டால் அக்காளின் கடவுச்சீட்டு தங்கைக்கும் சான்றாகட்டும். என் அம்மாவுடையதை எந்த நாளில் கேட்டாலும் கொண்டுவந்து காட்டுகிறோம். அதன் பிறகும் மனுவை நிராகரிப்பதாக இருந்தால், வாயால் சொல்லி அனுப்பாமல், காரணத்தைத் தமிழில் எழுதி, கையொப்பமிட்டுக் கொடுக்குமாறு வேண்டுகிறேன். மேல்முறையீட்டுக்கு அந்தத் தாளாவது எங்களிடம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.