பாபநாசம் இரண்டு உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் இயக்குநர் கே. சுப்ரமணியத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். படத்தைப் பார்த்ததும் மனம் நிறைந்தது. மூன்றாவது வரியில் ‘திருநெல்வேலி மாவட்டம் பாபநாசத்தில் 1904ஆம் ஆண்டு பிறந்த’ என்று இருந்தது. அதற்குமேல் படிக்க ஓடவில்லை.

பாபநாசம் இரண்டு உண்டு என்பது உங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாததல்ல. தாமிரபரணிக் கரையில் அணையும் அருவியும் இருப்பது ஒன்று. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே, மெயின் லைன் ரயில் பாதையில், பாலைவனநாதர் கோயிலும் செங்கல் நெற்களஞ்சியமும் இருப்பது இன்னொன்று. அவர் பிறந்தது இந்த இரண்டாவது, நம் பாபநாசத்தில். அந்தத் தாலுக்காவின் செய்திகளை நாள்தோறும் போடுகிற பத்திரிகையிலேயே இந்தப் பிழை வந்ததுதான் தாங்கவில்லை.

இது முதல் முறையும் அல்ல. மாயவரத்தில் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதரைத் திருச்சியில் பிறக்க வைத்தீர்கள். பெயரில் பாபநாசம் இருப்பதால் பாபநாசம் சிவனை அங்கேயே பிறந்தவர் என்று எழுதினீர்கள். அவர் பிறந்த ஊர் போலகம். இரண்டு முறையும் கடிதம் எழுதினேன். இரண்டு முறையும் பதில் இல்லை. ஆசிரியருக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். இந்த முறை முடியவில்லை.

ஊர் மாறினால் அவர் எடுத்த படங்களே புரியாமல் போகும். 1937இல் ‘பாலயோகினி’யில் விதவை வேடத்துக்கு ஒரு பிராமண விதவையையே நடிக்க வைத்தார். அதற்காக அவரைச் சாதியிலிருந்து விலக்கிவைத்த வைதிகர்கள் கூடியது நம் தஞ்சாவூரில். கல்கியின் கதையை 1939இல் ‘தியாகபூமி’யாக எடுத்தார். புயலில் வீடிழந்த சேரி மக்களுக்கு மாட்டுக்கொட்டகையில் இடம் கொடுத்ததற்காகச் சம்பு சாஸ்திரியை அக்கிரகாரமே ஒதுக்கிவைக்கிறதே, அதைப் படமாக்கியவர் தம்மையே ஊர் விலக்கிவைத்ததைப் பார்த்தவர். கதை எழுதிய கல்கி மயிலாடுதுறைக்குப் பக்கத்துப் புத்தமங்கலத்துக்காரர். சம்பு சாஸ்திரியாக நடித்தவர் பாபநாசம் சிவன். காவிரித் தண்ணீர் குடித்தவர்கள் சேர்ந்து எடுத்த படம் அது. 1940இல் வெள்ளைக்கார அரசு அதைத் தடை செய்தபோது, உத்தரவு கைக்கு வந்து சேரும்வரை சென்னை கெயிட்டி தியேட்டரில் டிக்கெட் இல்லாமல் ஓட்டினார்கள். உங்கள் கட்டுரையில் ‘சர்ச்சைக்குள்ளானது’ என்ற ஒரே சொல்லோடு அது முடிந்துவிட்டது. ‘சேவாசதனம்’ எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் படம் என்பதற்குமேல் ஒரு வரி இல்லை. சுப்ரமணியம் நடத்திய ஸ்டூடியோவைத்தான் எஸ்.எஸ். வாசன் வாங்கி ஜெமினி ஸ்டூடியோ ஆக்கினார் என்பதும் இல்லை.

‘மேடை நாடகத்தை அப்படியே கேமராவில் பிடித்தார், தொழில்நுட்பம் மிகச் சாதாரணம்’ என்று ஒரு தீர்ப்பும் வழங்கியிருக்கிறார் கட்டுரையாளர். 1934இல் ‘பவளக்கொடி’யை எடுத்தது அடையாற்றில், சூரிய வெளிச்சத்தில். மேகம் மறைத்தால் வேலை நிற்கும். பின்னணிப் பாடல் அப்போது கிடையாது. பாகவதர் கேமரா முன் நின்று பாட வேண்டும். பக்கவாத்தியம் படச்சட்டத்துக்கு வெளியே, ஆனால் மைக்குக்குக் கேட்கிற தூரத்தில் இருக்க வேண்டும். நடிகர் நாலடி நகர்ந்தால் குரல் இறங்கிவிடும். கேமராவை நகர்த்தினால் அதன் இரைச்சல் ஒலியில் ஏறிவிடும். காக்கை கத்தினாலும் அந்த ஷாட் போச்சு, பாட்டு முழுவதும் மறுபடி. இப்படி 50 பாட்டு. கேமரா ஏன் அசையவில்லை என்று கேட்பவர் இதையெல்லாம் தெரிந்துகொண்டு கேட்கட்டும்.

எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது கடைசிப் பத்தி. ‘இவரது படங்கள் பல காலத்தால் அழிந்துவிட்டன.’ டெல்டாவின் கொட்டகைகளில் 38 ஆண்டு புரொஜெக்டர் அறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: காலம் எந்தச் சுருளையும் அழிக்காது. சூடு, ஈரம், துரு, மனிதர் கை, இந்த நாலும்தான் அழிக்கும்.

அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட், எளிதில் தீப்பிடிக்கிற பிலிம். 35 எம்.எம். பிலிமில் அடிக்கு 16 பிரேம், நிமிடத்துக்கு 90 அடி. மூன்று மணி நேரப் படம் என்றால் 16,200 அடி, ஆயிரம் அடிச் சுருளாக 17. அத்தனையும் இரும்பு டப்பாவில் அடைபட்டிருக்கும். நைட்ரேட் சிதையும்போது ஒரு வாயு வரும். ஈரம் பட்டால் அது அமிலமாகி, அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். மூடிய டப்பாவில் வாயு வெளியேற வழியில்லாததால் சுருள் தன்னைத் தானே தின்னும். முதலில் உருவம் மங்கிப் பழுப்பேறும். பிறகு சுற்றோடு சுற்று ஒட்டிக்கொள்ளும். பிறகு நுரை கட்டும், இறுகும், கடைசியில் பழுப்புத் தூள். நன்றாக இருக்க 5 டிகிரிக்கும் கீழே, ஈரமில்லாத அறை வேண்டும். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பரணில் கிடக்கும் டப்பா என்ன ஆகும்? பாதி சிதைந்த சுருள், சித்திரை வெயிலில் 40 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். பற்றினால் தண்ணீர் ஊற்றியும் அணையாது. எரிவதற்கான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது.

சிதைவு மிச்சம் வைத்ததை ஓட்டம் தின்றது. நகரத்தில் ஓடித் தேய்ந்த பிரதிதான் டூரிங் கொட்டகைக்கு வரும். அறுந்த இடத்தில் உருவம் பதிந்த மேல்பூச்சான எமல்ஷனைச் சுரண்டி, பிலிம் சிமென்ட் என்கிற பசையைத் தடவி ஒட்டும்போதெல்லாம் குறைந்தது ஒன்றிரண்டு பிரேம் போகும். சுருளின் தலையும் வாலும் அதிகம் அடிபடும். அதனால்தான் பழைய படங்களில் காட்சி மாறும் இடத்தில் வசனம் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது. நேரத்தைக் குறைக்கப் பாட்டை வெட்டிய கொட்டகைகளும் உண்டு. ஓடி முடிந்ததை வெள்ளி எடுப்பதற்காக எடைக்குப் போட்டார்கள். 1950களுக்குப் பிறகு, நைட்ரேட்டுக்குப் பதிலாக வந்த அசிடேட் பிலிமில் எடுத்த பிரதிகளும் தப்பவில்லை. டப்பாவைத் திறந்தால் காடி நெடி அடித்தால், உள்ளே சுருங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கினாலே ஓரத்துத் துளைகள் புரொஜெக்டரின் பல்சக்கரத்தில் உட்காராமல் கிழியும்.

ஊர்ப் பெயருக்கு நான் ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன் என்றால், கும்பகோணம், பாபநாசம், மயிலாடுதுறைப் பக்கத்துப் பழைய வீடுகளின் பரணில் இன்றும் ஏதாவது கிடக்கலாம். சுருள் இல்லாவிட்டாலும் பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், ஸ்டில். படமே இல்லாமல் போன ‘சேவாசதனம்’ போன்றவற்றுக்குக் கதைச் சுருக்கமும் பாட்டு வரிசையும் அச்சான அந்த மெல்லிய புத்தகம்தான் மிஞ்சிய சாட்சி. ‘நம்ம ஊர்க்காரர்’ என்று தெரிந்தால் ஒரு வீட்டிலாவது ஏணி வைத்து ஏறிப் பார்ப்பார்கள். திருநெல்வேலி என்று நீங்கள் எழுதிவிட்டால் யார் பார்ப்பார்கள்?

ஆகவே நான் கேட்பது கொஞ்சம்தான். அதே ஞாயிறு இணைப்பில், படிக்கிற அளவு எழுத்தில், ‘தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம்’ என்று ஒரு திருத்தம். அதன் கீழே, கட்டம் கட்டி, இந்தச் சில வரிகள்: பழைய பிலிம் டப்பா கிடைத்தால் வீட்டுக்குள் திறக்காதீர்கள். துருப்பிடித்த மூடியைச் சுத்தியலால் தட்டாதீர்கள். பக்கத்தில் விளக்கு, பீடி, ஊதுவத்தி கூடாது. வெயிலில் காயவைக்காதீர்கள், பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், பஸ்ஸிலோ கூரியரிலோ அனுப்பாதீர்கள். எந்த புரொஜெக்டரிலும் போட்டுப் பார்க்காதீர்கள். காற்றோட்டமுள்ள நிழலில், வீட்டை விட்டுத் தள்ளி வைத்து, புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். பாட்டுப் புத்தகம் கிடைத்தால் ஒட்டு நாடா ஒட்டாதீர்கள்.

அடுத்த ஞாயிறு இடமில்லை என்றால் அதற்கடுத்த ஞாயிறு போடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் வந்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திரையரங்க ஆபரேட்டர்,
கும்பகோணம்