முடிவைக் கேட்டுவிட்டுப் பார்க்காதே

அன்புள்ள தேனு,

போன வாரம் போனில் நீ சொன்னது மனதுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கேம் ஆஃப் த்ரோன்ஸின் முன்கதைத் தொடரான 'ஹவுஸ் ஆஃப் த டிராகன்' இரண்டாவது சீசனை இப்போதுதான் பார்த்து முடித்ததாகச் சொன்னாய். எட்டு எபிசோடும் போர் வருகிறது, வருகிறது என்று காட்டிவிட்டு, கடைசியில் படைகளும் கப்பல்களும் புறப்படுவதோடு நிறுத்திவிட்டார்கள் என்று ஆபீஸில் பெரிய சண்டையாம். அதோடு விட்டிருந்தால் சரி. "இனிமே முடிவு நல்லா இருக்குன்னு நாலு பேர் சொன்ன பிறகுதான் எதையும் பார்ப்பேன்மா. கேம் ஆஃப் த்ரோன்ஸுக்குக் கொடுத்த வருஷமெல்லாம் வீண்தானே?" என்றாய். வீண் என்று நான் நினைக்கவில்லை. ஏன் என்று போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நானும் பேசுவேன். அதனால் எழுதுகிறேன்.

நீ டொராண்டோ போன பிறகு நாம் அதிகம் பேசியது கேம் ஆஃப் த்ரோன்ஸைப் பற்றித்தான். உனக்கு ஞாயிறு இரவு ஒன்பது மணி, எனக்குத் திங்கள் காலை ஆறரை. இட்லியை அடுப்பில் ஏற்றிவிட்டு ஹாட்ஸ்டாரைப் போடுவேன். முடிந்ததும் நீ கூப்பிடுவாய். சில காட்சிகளைத் தாயும் மகளும் பேசாமலே தாண்டிவிடுவோம், மற்றதெல்லாம் பேசுவோம். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, வேலை எப்படி என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்று ஒரே வரியில் முடிக்கிற நீ, ஜான் ஸ்னோவின் தாய் யார் என்று கேட்டால் முக்கால் மணி நேரம் பேசுவாய். அந்தப் பேச்சில்தான் உன் குரல் எனக்கு முழுசாகக் கிடைத்தது. அதை வீண் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

அந்தத் தாய் விஷயத்தையே எடுத்துக்கொள். இந்தக் கதையை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் வரிசையில் முதல் புத்தகம் 1996-இல் வந்தது. அதன்பின் சீக்கிரமே வாசகர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: ஜான், அவனைத் தன் மகன் என்று சொல்லி வளர்த்த நெட் ஸ்டார்க்கின் மகன் அல்ல, நெட்டின் தங்கை லியானாவுக்கும் டார்கேரியன் அரச குலத்து இளவரசன் ரேகாருக்கும் பிறந்தவன். யாரும் அவர்கள் காதில் ரகசியம் ஓதவில்லை. மானத்துக்காக உயிரையும் விடக்கூடிய நெட், கட்டிய மனைவிக்குத் துரோகம் செய்திருப்பாரா என்ற கேள்வியில் தொடங்கினார்கள். லியானா சாகும் அறையில் இரத்தமும் ரோஜாவும் கலந்த வாடை ஏன்? அண்ணனிடம் அவள் வாங்கிய சத்தியம் என்ன? போர் முடிந்து, அரசனும் இளவரசனும் செத்த பிறகும், அரச மெய்க்காவலர் மூன்று பேர் எங்கோ ஒரு தனிக் கோபுரத்தின் வாசலில் உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டார்களே, யாரைக் காப்பாற்ற? உள்ளே ஒரு வாரிசு இருந்தால்தான் அது பொருந்தும். தொடரின் முதல் சீசனிலும் நெட் ஜானிடம் விடைபெறும்போது, உனக்கு என் பெயர் இல்லாவிட்டாலும் என் இரத்தம் இருக்கிறது என்றுதான் சொல்கிறார். மகனே என்று சொல்லவில்லை. அவர் பொய்யும் சொல்லவில்லை.

தொடரை எடுக்க அனுமதி கேட்டு டேவிட் பெனியாஃப்பும் டி. பி. வைஸும் 2006-இல் மார்ட்டினைப் பார்க்கப் போனபோது, அவர் கேட்ட கேள்வியே ஜானின் தாய் யார் என்பதுதான். அவர்கள் சரியாகச் சொன்னார்கள். திரையில் அந்தப் பதில் வர இன்னும் பத்து வருடம் ஆனது. 2016 ஜூன் 26, ஆறாவது சீசனின் கடைசி எபிசோடு. லியானாவின் கையிலிருந்து நெட் வாங்கிய குழந்தையின் முகம், அப்படியே ஜானின் முகம். அன்றைக்கு நீ போனில் கத்திய கத்தலில் அப்பா என்னவோ ஏதோ என்று அறையிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

உன் தோழி இதையெல்லாம் வேலையில்லாதவர்களின் ஊகம் என்றாளாம். லியானாவோடு சேர்ந்து வரும் ஒரு நீல ரோஜாவை எழுதியவர் காரணமில்லாமல் வைத்திருக்க மாட்டார் என்று நம்பி, இருபது வருடம் அதை மறக்காமல் வைத்திருந்தவர்கள் அவர்கள். எழுதுகிறவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது? எல்லாத் தியரியும் இப்படி வேர் உள்ளவை அல்ல என்பது உண்மைதான். லானிஸ்டர் வீட்டு டிரியனும் டார்கேரியன் வாரிசு என்றவர்கள், நெட்டின் மகன் பிரானே பிணப்படையின் அரசன் நைட் கிங் என்றவர்கள் எல்லாம் இருந்தார்கள். அவற்றையும் நாம் பேசிப் பார்த்தோம், எது நிற்கிறது, எது விழுகிறது என்று. 2015-இல் ஐந்தாவது சீசன் முடிவில் ஜானைக் குத்திப் பனியில் போட்டார்களே, அப்போது ஜானாக நடித்த கிட் ஹாரிங்டன் முடி வெட்டினாரா, வெட்டாவிட்டால் ஜான் திரும்பி வருவான் என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவரோ ஜான் செத்துவிட்டான் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு மன்னிப்புக் கேட்டார்.

இந்தப் பழக்கம் நம் வீட்டுக்குப் புதிதும் அல்ல. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' கல்கி பத்திரிகையில் தொடராக வந்தபோது உன் பாட்டி வாரா வாரம் படித்தவர். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று தெருப் பெண்களோடு வாதாடியதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலானவர்களைச் சொல்கிறது. பாட்டி அதை ஏற்கவே மாட்டார், நந்தினி இல்லாமல் அது நடந்திருக்காது என்பார். கதை முடிந்தபோது வாசகர்களுக்கு மனக்குறை இருந்தது. கல்கி முடிவுரையில் அதற்குப் பதில் சொன்னார், பாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்றும் சொன்னார். கதையை மாற்றவில்லை.

சரி, எட்டாவது சீசனுக்கு வருகிறேன். உன் கோபம் எனக்குத் தெரியும். 2019 மே 19 இரவு அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 93 லட்சம் பேர் கடைசி எபிசோடைப் பார்த்தார்கள். அந்தச் சீசனை வேறு எழுத்தாளர்களை வைத்து மறுபடி எடுக்கச் சொல்லிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். முந்தைய வருடம் அந்த நாட்டில் 560 பெண் குழந்தைகளுக்கு டெனேரிஸின் பட்டப்பெயரான கலீசி என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெற்றோர், டிராகன்களை வளர்த்த ரேகாரின் தங்கை டெனேரிஸ் ஒரு நகரத்தையே எரிப்பதைப் பார்த்தபோது என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசித்தாலே மனம் கஷ்டப்படுகிறது.

ஆனாலும் தேனு, டெனேரிஸ் அப்படி ஆனது சரியான முடிவு என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். விதை எங்கிருந்து போட்டிருக்கிறார்கள் பார். முதல் சீசனில் அண்ணன் தலையில் உருகிய பொன்னை ஊற்றிக் கொல்லும்போது அவள் முகத்தைத் திருப்பவில்லை. இரண்டாவது சீசனில் கார்த் நகர வாசலில் நின்று, உங்கள் நகரங்களை எரிப்பேன் என்று மிரட்டுகிறாள். அதே சீசனின் கடைசி எபிசோடில் அவள் காணும் காட்சியில் சிம்மாசன மண்டபத்தின் கூரை இடிந்து வெள்ளையாக ஏதோ உதிர்கிறது. பனி என்று நினைத்தோம். மீரீன் நகரத்து எஜமானர்கள் 163 அடிமைக் குழந்தைகளைச் சிலுவையில் அறைந்து கொன்றதற்குப் பழியாக 163 எஜமானர்களைச் சிலுவையில் அறையச் சொன்னாள். யார் குற்றவாளி என்று விசாரிக்கவில்லை, எண்ணிக்கை மட்டும் சரியாக இருந்தது. பிறகு ஹிஸ்தார் என்ற அந்த ஊர்ப் பிரபு வந்து, அந்தக் குழந்தைகளைக் கொல்லக் கூடாது என்று பேசியவர் என் அப்பா, அவர் உடலையாவது கொடுங்கள் என்று கேட்கிறானே, அந்தக் காட்சியை மறுபடி பார். எனக்குத் தொடர் முழுவதிலும் அதுதான் முக்கியமான காட்சி. அவள் உடனே பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருப்பாள். அவளுடைய நியாயத்தில் ஓட்டை இருப்பதை அன்றைக்கே காட்டிவிட்டார்கள்.

அப்படியானால் குறை எங்கே? அவசரத்தில். முதல் ஆறு சீசனும் பத்துப் பத்து எபிசோடு, ஏழாவது ஏழு, எட்டாவது ஆறு. கூடுதல் எபிசோடு எடுக்க ஹெச்பிஓ தயாராக இருந்தும் படைப்பாளிகள்தான் போதும் என்றார்கள். டெனேரிஸின் காவலன் ஜோரா, டிராகன் ரேகல், தோழி மிசாண்டே என்று ஒவ்வொருவராகப் போகிறார்கள். ஜானின் பிறப்பு வெளியே வருகிறது, ஆலோசகர் வேரிஸ் துரோகம் செய்கிறார். ஒரு மனுஷி உடைந்துபோக இவ்வளவும் போதும், ஆனால் நமக்கு அதைப் பார்க்க நேரம் கொடுக்கவில்லை. சரணடைந்த மணி அடிக்கிறது, டிராகன் மேல் உட்கார்ந்து அவள் மூச்சு வாங்குகிறாள், பறக்கிறாள். அதற்குப் பிறகு அந்த எபிசோடில் அவள் முகத்தை ஒருமுறைகூடக் காட்டவில்லை. எரிகிற தெருவில் நெட்டின் மகள் ஆர்யாவோடு நம்மை ஓடவிட்டார்கள். செத்துக்கொண்டிருப்பவர்களின் பக்கம் நிற்க வேண்டும் என்று செய்தது புரிகிறது. ஆனால் எட்டு வருடம் அவள் முகத்தைப் பார்த்தே வாழ்ந்தவர்களுக்கு அந்த நேரத்தில் அது கட்டாயம் வேண்டியிருந்தது. உன் கோபம் அவள் செய்ததைப் பற்றியது என்று நீ சொல்கிறாய். இந்த முகம் மறைந்ததைப் பற்றியது என்று நான் சொல்கிறேன்.

ஜானின் ரகசியம் கடைசியில் எதற்கும் பயன்படவில்லை என்று நீ சொல்வதையும் நான் ஏற்கவில்லை. அந்த உண்மை ஜானுக்கு எதையும் கொடுக்கவில்லை, டெனேரிஸிடம் இருந்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. நெட் ஆயுள் முழுக்கக் கெட்ட பெயரோடு மூடி வைத்தது சரிதான் என்று அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. இதைவிடக் கொடுமையாகவும் பொருத்தமாகவும் அதை முடித்திருக்க முடியாது.

பிரான் அரசனானதில் மட்டும் நானும் நீயும் ஒரே கட்சி. அது மார்ட்டினின் திட்டத்திலேயே உண்டு என்று அந்த வேடத்தில் நடித்த ஐசக் ஹெம்ப்ஸ்டட் ரைட் சொல்லியிருக்கிறார், இருக்கட்டும். ஐந்தாவது சீசன் முழுக்கக் கண்ணிலேயே படாத பிள்ளை அவன். ஏழாவதில், என்னால் எதற்கும் தலைவனாக முடியாது என்று அக்கா சான்சாவிடம் அவனே சொன்னான். டிரியன் ஒரு சொற்பொழிவு செய்ததும் ஒவ்வொருவராகச் சம்மதம் சொல்லிவிட்டார்கள். விதை போடாமல் அறுவடை. ஆனாலும் அதற்காக மறுபடி எடு என்று மனுப் போடுவதை என்னால் ஆதரிக்க முடியவில்லை. பிடிக்கவில்லை என்று எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் சொல்லலாம். அது எழுதியவர்களின் கதை, அவர்கள் பெயரில் நிற்கட்டும்.

இப்போது உன் சபதத்துக்கு வருகிறேன். முடிவைத் தெரிந்துகொண்டு பார்த்திருந்தால், டெனேரிஸ் அடிமைகளின் சங்கிலியை உடைத்த நாளில் நீ அழுதிருக்க மாட்டாய். அவளை முதல் நாளிலிருந்தே சந்தேகத்தோடு பார்த்திருப்பாய். 163 பேர் விஷயத்தில் உலகமே கைதட்டியது, அந்தக் கைதட்டல் நமக்குள் எங்கிருந்து வந்தது என்று கடைசியில் யோசிக்க வைத்ததுதான் அந்தக் கதையின் பலம். முன்கூட்டியே தெரிந்தவருக்கு அது கிடைக்காது. ஆறாவது சீசன் கடைசி எபிசோடின் தொடக்கத்தில் திடீரென்று பியானோ கேட்டதே, அந்தத் தொடரில் அதுவரை கேட்காத வாத்தியம், ஏதோ நடக்கப்போகிறது என்று எனக்குக் கை நடுங்கியது. கோயில் வெடிக்கும் என்று தெரிந்தவருக்கு அது வெறும் இசை. ஒரு தொடர் கடைசியில் தடுக்கி விழலாம். அதற்கு முந்தைய எழுபது மணி நேரத்தை அதற்காக யாரிடமும் திருப்பிக் கொடுக்காதே.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஜான் குத்திக் கொன்ற பிறகு டெனேரிஸின் உடலை அவளுடைய டிராகன் ட்ரோகான் எங்கே கொண்டுபோனது? சபையில் ஜானின் நண்பன் சாம், கிழக்கே, வோலான்டிஸ் பக்கம் என்று சொல்ல வாயெடுக்கும்போதே இன்னொருவர் வெட்டிவிடுகிறார். வோலான்டிஸில் சிவப்புக் கடவுளின் கோயில் இருக்கிறது. ஆறாவது சீசனில் மீரீனுக்கு வந்து, வாக்களிக்கப்பட்டவள் டெனேரிஸ்தான் என்று சொன்ன கின்வாரா அந்த ஊரின் தலைமைப் பூசாரி. செத்தவரை எழுப்புவது அவர்களுக்குப் புதிதல்ல, அதே கடவுளின் பூசாரி மெலிசாண்ட்ரே ஜானை எழுப்பியதைப் பார்த்தோம். அதனால் அவள் திரும்பி வருவாள் என்று நீ முன்பே சொன்னாய். எனக்கு இன்னும் சம்மதமில்லை. அந்த டிராகன் கொன்றவனை விட்டுவிட்டுச் சிம்மாசனத்தை உருக்கியது. எது அவளைக் கொன்றது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. அப்படிப்பட்டது அவளை மறுபடி பூசாரிகள் கையில், இன்னொரு வாக்குறுதிக்குக் கொண்டுபோய்க் கொடுக்காது. டிராகன்களின் பழைய மண்ணான வலேரியாவின் இடிபாடுகளுக்குத்தான் போயிருக்கும் என்பது என் கட்சி. உன்னிடம் வோலான்டிஸுக்கு இதைவிட நல்ல ஆதாரம் இருந்தால் யோசித்து வை. கூப்பிடும்போது நீயே முதலில் பேசு, நான் குறுக்கிடாமல் கேட்கிறேன். விட்டுக்கொடுக்க மாட்டேன், அது வேறு.

அன்புடன்,
அம்மா